ருஷ்யக் கலைஞரும் தொலைக்காட்சித் திரையும்

ஓவியத்தைப் பற்றி வானொலியில் பேசுவது, பசித்தவனுக்கு விருந்தை வருணிப்பது போன்றது என்று நண்பர் ஒருவர் நம்மிடம் நகைப்பதுண்டு. அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. வண்ணமும் வடிவும் கண்ணுக்கு உரியவை. வானொலியோ செவிக்கு மட்டுமே உரியது. இக்குறை தொலைக்காட்சிக்கு இல்லை. தலைநகரின் கூடமொன்றில் தொங்கும் படத்தை, ஆயிரங்காதம் அப்பாலுள்ள ஒரு குடியானவனின் வீட்டிற்குள் கொணர்ந்து நிறுத்த அதனால் இயலும். படத்தோடு, அதனை வரைந்த மனிதரையும், அவர் கை இயங்கும் விதத்தையும், அவர் பேச்சையும் காட்ட இயலும். இத்துணை ஆற்றல் வாய்ந்த சாதனம் தன் காலத்துக் கலைஞரை உண்மையிலேயே கண்டதா, கண்டதை நாட்டிற்குக் காட்டியதா என்பதே நாம் இன்று ஆராயப் புகும் பொருள்.

இதற்கு நாம் ருஷ்ய நாட்டை எடுத்துக்கொள்கிறோம். அந்நாட்டில் ஓவியத்திற்கும் அரசிற்கும் இருந்த உறவு நெருக்கமானது. தொலைக்காட்சிக்கும் அரசிற்கும் இருந்த உறவு அதனினும் நெருக்கமானது. ஆதலால், வேறு நாடுகளில் மங்கலாகத் தெரியும் ஓர் உண்மை அங்கே தெளிவாகத் தெரிகிறது.

மொழிபெயர்ப்புத் தொழிலில் நாள் கழிக்கும் நமக்கு, முதலிற் சொற்களைப் பார்ப்பது வழக்கம். தொலைக்காட்சியை ருஷ்யர் 'தெலெவீதெனியே' என்பர். 'தெலெ' என்பது தொலை. 'வீதெனியே' என்பது காட்சி. நம் சொல்லும் அவர்கள் சொல்லும் ஒரே அச்சில் வார்த்தவை போல் இருக்கின்றன. ஆயின், ருஷ்ய மொழியில் இந்த 'வீதெனியே' என்னும் சொல்லுக்கு ஒரு வியப்பான இயல்பு உண்டு. முதலசையை அழுத்திச் சொன்னால் 'காணுதல்' என்று பொருள். இரண்டாம் அசையை அழுத்திச் சொன்னால் 'மாயத் தோற்றம்' என்று பொருள். எழுத்தில் இரண்டும் ஒன்றே. நாம் மேலே செல்லச் செல்ல, இந்த இருபொருளும் நமக்குப் பயன்படும்.

மற்றொரு சொல் 'சவ்ரெமென்னயே'. காலத்தோடு உடன் நிற்பது என்பது அதன் உட்பொருள். நம் 'சமகாலம்' போன்றதே. ஆங்கிலத்தில் நவீனக் கலை வேறு, சமகாலக் கலை வேறு என்று இரு சொற்களால் பிரித்துரைக்கின்றனர். ருஷ்ய மொழியில் இவ்வொரு சொல்லே இரண்டிற்கும் வழங்கிவருகிறது. ஆகையால், 1915ஆம் ஆண்டில் மலேவிச் வரைந்து காட்டிய 'கறுப்புச் சதுரம்' பற்றிய நிகழ்ச்சிக்கும், நேற்று ஓர் இளைஞர் அமைத்த காட்சியைப் பற்றிய நிகழ்ச்சிக்கும் ஒரே அடைமொழி வரக்கூடும். இன்றைய கலையைத் தனியே சுட்ட வேண்டி, அண்மைக் காலத்தில் 'அக்துவால்னயே' என்ற சொல்லையும் சிலர் வழங்குகின்றனர். ஒரு நாடு தன் நிகழ்காலக் கலைக்குத் தனிப்பெயர் இடுவதற்கே இவ்வளவு காலம் ஆயிற்று என்றால், அதற்குக் காரணம் இருக்கத்தானே வேண்டும்?

மாஸ்கோ நகரின் ஷாபலோவ்கா தெருவில், இரும்புக் கம்பிகளைக் கூடை முடைந்தாற்போல் பின்னி எழுப்பிய கோபுரம் ஒன்று உண்டு. விளாதிமிர் ஷூகவ் என்னும் பொறியியலாளர் அமைத்தது. 1922ஆம் ஆண்டில் முடிவுற்ற அதன் உயரம் ஏறத்தாழ 150 மீட்டர். முதலில் வானொலிக்கென எழுந்த அக்கோபுரத்திலிருந்து 1939ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் முறையான தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிற்று. போர்க்காலத்தில் நின்ற ஒளிபரப்பு, 1945இல் மீண்டது. 1967ஆம் ஆண்டில் 540 மீட்டர் உயரமுள்ள ஒஸ்தாங்கினோ கோபுரம் எழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வண்ண ஒளிபரப்பும் தொடங்கிற்று. அதுவரை திரையில் வந்த ஓவியமெல்லாம் கறுப்பும் வெளுப்புமாகவே வந்தது என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். செவ்வண்ணத்திற்குப் பேர்போன நாட்டின் ஓவியத்தை மக்கள் சாம்பல் நிறத்திற் கண்டனர்.

வண்ணம் இல்லாத குறை பெரிதன்று. 1954ஆம் ஆண்டு முதல் இராக்ளி அந்திரோனிகவ் என்னும் இலக்கிய அறிஞர் திரையில் தோன்றிக் கதை சொல்லுமாறு பேசினார். கையில் தாளில்லை, பின்னணியில் ஆரவாரமில்லை. அறிவுடைய ஒருவர் வீட்டிற்கு வந்து உரையாடுவது போன்றிருந்த அப்பேச்சுகளை மக்கள் விரும்பிக் கேட்டனர். கலையைப் பற்றிய பேச்சு திரையில் எடுபடும் என்பதற்கு அதுவே சான்று. குறை வேறிடத்தில் இருந்தது. எவரைப் பற்றிப் பேசலாம் என்பதே சிக்கல்.

1932ஆம் ஆண்டில் சோவியத் நாட்டின் கலைக் குழுக்கள் யாவும் கலைக்கப்பட்டு, ஒவ்வொரு துறைக்கும் ஒரே சங்கம் என்னும் ஏற்பாடு வந்தது. சோஷலிச யதார்த்தவாதம் என்பது கலைக்குரிய ஒரே நெறியாக வகுக்கப்பட்டது. ஓவியர் சங்கத்தில் உறுப்பினராயிருந்தால் பணிக்கூடம் கிடைக்கும். வண்ணக் குழம்பு கிடைக்கும். கண்காட்சியில் இடம் கிடைக்கும். உறுப்பினரல்லாதவர் வரையக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆயின், அவர் வரைந்ததைப் பொதுமக்கள் காண வழியில்லை. தொலைக்காட்சி இந்த ஏற்பாட்டிற்கு வெளியே நிற்கவில்லை. கண்காட்சியில் இடம்பெறாதவர் திரையிலும் இடம்பெறவில்லை. பரந்த நாட்டின் கோடிக்கணக்கான மக்களைப் பொறுத்தவரை, அவர் பிறக்கவே இல்லை.

இந்நிலையை உலகறியச் செய்த நிகழ்ச்சி 1962ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் நிகழ்ந்தது. கிரெம்ளின் மாளிகையை அடுத்த 'மனேஷ்' என்னும் கூடத்தில், மாஸ்கோ ஓவியர் சங்கத்தின் முப்பதாண்டு நிறைவுக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. எலி பெலியூதின் என்னும் ஆசிரியரிடம் பயின்ற இளைஞர் சிலரின் படங்களும் மாடியறைகளில் வைக்கப்பட்டிருந்தன. நாட்டின் தலைவர் நிகிதா குருஷேவ் வந்தார், கண்டார், கடுஞ்சொற்களால் ஏசினார். அவரோடு எதிர்நின்று வாதிட்டவர் எர்ன்ஸ்ட் நெயிஸ்வெஸ்னி என்னும் சிற்பி. போரில் படுகாயமுற்று மீண்ட வீரர் அவர். 'நெயிஸ்வெஸ்னி' என்னும் அவர் குடிப்பெயருக்கு ருஷ்ய மொழியில் 'அறியப்படாதவர்' என்பது பொருள். பெயரிட்ட முன்னோர் இதை நினைத்திருக்கமாட்டார்கள். ஆயினும், அக்காலத்து உரிமையற்ற கலைஞர் அனைவருக்கும் அது பொதுப் பெயராகத் தகும்.

அந்த நாளுக்குப் பின்னர் புதுமை நாடிய ஓவியருக்கு எதிராகப் பத்திரிகைகளில் பெரும் இயக்கம் நடந்தது. நெயிஸ்வெஸ்னி 1976இல் நாட்டைவிட்டு வெளியேறினார். அதற்கு முன்பே 1971இல் குருஷேவ், பதவியிழந்த முதியவராக இறந்தார். அவர் கல்லறைக்கு நினைவுச்சின்னம் செய்து தருமாறு அவர் குடும்பத்தார் எவரை வேண்டினர் தெரியுமா? நெயிஸ்வெஸ்னியையே வேண்டினர். கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் ஒன்றையொன்று பற்றி நிற்க, நடுவே குருஷேவின் தலை அமைந்த அச்சின்னத்தை இன்றும் மாஸ்கோ இடுகாட்டில் காணலாம். ஏசியவரின் வாழ்வில் நன்மையும் தீமையும் கலந்திருந்ததைச் சிற்பி நேர்மையாகக் கல்லிற் பொறித்தார் என்று பலர் அதற்குப் பொருள் கூறுவர்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், ஒஸ்கார் ரபீன் முதலிய ஓவியர் சிலர் கூடம் கிடைக்காமையால், மாஸ்கோவின் புறத்தே பெலியாயெவோ என்னும் இடத்திலிருந்த வெற்று நிலத்தில் தம் படங்களைக் கையில் ஏந்தி நின்றனர். மண் வாரும் பொறிகளும் நீர் பீய்ச்சும் வண்டிகளும் வந்து அவர்களைக் கலைத்தன. படங்கள் சில நசுங்கின. வெளிநாட்டுச் செய்தியாளர் அங்கே இருந்தமையால், செய்தி உலகெங்கும் பரவிற்று. அதன் விளைவாக, இரு வாரங்களுக்குப் பின் செப்டம்பர் 29ஆம் நாள் இஸ்மாயிலவோ பூங்காவில் நான்கு மணிநேரம் படங்களைக் காட்ட இசைவு கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்தனர்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். தம் நகரில் நடந்ததைத் தம் நகரத்துத் திரையில் மாஸ்கோ மக்கள் காணவில்லை. வெளிநாட்டு வானொலி வாயிலாகவும் வாய்ச்செய்தியாகவுமே அவர்களுள் பலர் அதனை அறிந்தனர். கண்ணுள்ள சாதனம் கண்ணை மூடிக்கொண்டபோது, கண்ணில்லாத சாதனம் காட்சியைச் சொல்லிற்று. தொடக்கத்தில் நாம் குறித்த நண்பருக்கு இதுவே நம் விடை.

திரையில் வராத அந்தக் கலைஞர் எவ்வாறு உயிர் வாழ்ந்தனர்? இதற்கு விடை நம் நாட்டு வீடுகளோடும் ஒருவகையில் தொடர்புடையது. எண்பதுகளில் சிறுவராயிருந்த நம்மவர்க்கு, மாஸ்கோவில் தமிழில் அச்சாகி, சென்னை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வழியே மலிவான விலைக்குக் கிடைத்த குழந்தை நூல்கள் நினைவிருக்கும். வழவழப்பான தாளும், பனிக்காட்டில் திரியும் கரடியும் நரியும் மறக்கக்கூடியவையா? ருஷ்ய ஓவியம் என நம்மவர் பலர் முதன்முதல் கண்டது அப்புத்தகப் படங்களையே. சோவியத் நாட்டில் குழந்தை நூல்களுக்குப் படம் வரைவது மதிப்பும் வருவாயும் உள்ள தொழில். பெருஞ்சுவரில் புதுமை செய்ய இடம் கிடைக்காத ஓவியர் பலர் அத்தொழிலிற் புகுந்தனர். இல்யா கபகவ், எரிக் புலாத்தவ், ஒலெக் வசீலியெவ் ஆகியோர் அத்தகையர். பகலில் குழந்தைகளுக்கு வரைந்தனர். எஞ்சிய பொழுதில் தமக்கென்று வரைந்தனர்.

கபகவ் 1933இல் பிறந்தவர். மாஸ்கோவின் ஒரு பழைய கட்டடத்தின் மேன்மாடத்தில் அவர் பணிக்கூடம் இருந்தது. நண்பர்கள் படியேறி வந்து படங்களைப் பார்ப்பர், அவ்வளவே கண்காட்சி. 1985இல் அங்கே அவர் ஓர் அறையை அமைத்தார். சுவரெங்கும் அரசு விளம்பரத் தாள்கள். நடுவே கயிறும் வில்லும் பூட்டிய ஓர் இருக்கை. மேலே கூரையில் ஒரு துளை. 'தன் வீட்டிலிருந்தே விண்வெளிக்குப் பறந்துபோன மனிதன்' என்பது அதன் பெயர். பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பொதுக் குடியிருப்பின் அறையொன்றில், எவரோ ஒருவர் பொறுக்கமாட்டாமல் வானை நோக்கித் தம்மைத் தாமே எறிந்துகொண்டார் என்பது அதன் கதை. விண்வெளி வீரரைத் திரையில் ஓயாமற் கொண்டாடிய நாட்டில், திரைக்கு வராத ஓர் ஏழையின் விண்வெளிப் பயணம் அது.

புலாத்தவ் தொலைக்காட்சியையே தம் ஓவியத்திற்குப் பொருளாக்கினார். 1968ஆம் ஆண்டு முதல் 'விரேமியா' என்னும் செய்தி நிகழ்ச்சி நாடெங்கும் ஒளிபரப்பாகி வந்தது. 'விரேமியா' என்றால் 'காலம்' என்று பொருள். அப்பெயராலேயே புலாத்தவ் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு படம் வரைந்தார். முதிய பெண்ணொருத்தி தன் அறையில் தனியே அமர்ந்து திரையை நோக்கியிருக்கிறாள். திரையில் வருபவர் அவளோடு பேசுவது போலவே தோற்றம். ஆயினும் அவள் அறையில் வேறு எவருமில்லை. தொலைக்காட்சி கலைஞரைக் காணு முன்னரே கலைஞர் தொலைக்காட்சியைக் கண்டுவிட்டார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

1987ஆம் ஆண்டளவில் நிலைமை மாறத் தொடங்கிற்று. கொர்பச்சேவின் ஆட்சியில் திரையின் கட்டுத் தளர்ந்தது. மாஸ்கோவில் 'வஸ்கிலியாத்' என்னும் நிகழ்ச்சி 1987இலும், லெனின்கிராடு நகரில் 'ஐந்தாம் சக்கரம்' என்னும் நிகழ்ச்சி 1988இலும் தொடங்கின. அதுவரை பேசாப் பொருளைப் பேசிய அந்நிகழ்ச்சிகளைக் காண மக்கள் இரவில் விழித்திருந்தனர். 1988ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மாஸ்கோவில் சாதபீஸ் என்னும் ஆங்கில நிறுவனம் ருஷ்ய ஓவியங்களை ஏலமிட்டது. கிரிஷா பிரூஸ்கின் என்பாரின் படமொன்று 2,42,000 பவுனுக்கு விலைபோயிற்று. நேற்றுவரை சுவர் கிடைக்காத ஓவியத்திற்கு இன்று வெளிநாட்டார் செல்வத்தைக் கொட்டினர். உள்நாட்டுத் தொலைக்காட்சி இனிக் கண்ணை மூடிக்கொண்டிருக்க இயலாது போயிற்று.

திரை திறந்ததும் கலைஞர் செய்தது யாது? தம்மைப் புகழுமாறு அவர்கள் கேட்கவில்லை. திரையின் இயல்பையே சோதித்தனர். லெனின்கிராடில் யூரிஸ் லெஸ்னிக், விளாதிஸ்லாவ் மமீஷெவ்-மன்ரோ, தீமூர் நோவிகவ் ஆகியோர் 1989 முதல் 'கடற்கொள்ளைத் தொலைக்காட்சி' என்ற பெயரில் தாமே ஒளிப்பேழைகளைத் தயாரித்தனர். அரசுத் தொலைக்காட்சியின் தோரணையைக் கேலி செய்த அப்பேழைகள் நண்பர் வட்டத்திலும் கண்காட்சிகளிலும் சுற்றின. 1991ஆம் ஆண்டு மே மாதத்தில் 'ஐந்தாம் சக்கரம்' நிகழ்ச்சியிலேயே, செர்கேய் கூர்யோகின் என்னும் இசைக்கலைஞர் ஆராய்ச்சியாளர் போல் அமர்ந்து, லெனின் ஒரு காளான் என்று நெடுநேரம் நிறுவினார். மேற்கோளும் படமும் சான்றுமாக அடுக்கிய அவர் முகத்தில் சிரிப்பில்லை. பார்த்தவருள் உண்மையென்று மயங்கியோரும் உண்டு.

இதனை வெறும் விகடம் என்று தள்ளிவிடலாகாது. எழுபது ஆண்டுகளாகத் திரையும் தாளும் சொன்னதை நம்பப் பழகிய மக்களுக்கு, அமைதியான குரலில் மேற்கோளுடன் சொன்னால் எதுவும் உண்மைபோல் தோன்றும் என்பதை அவர் காட்டினார். காணுதலும் மாயத் தோற்றமும் ஒரே சொல்லின் இரு அழுத்தங்கள் என்று முன்னர்க் கூறினோமன்றோ? அந்த அழுத்தம் இடம் மாறுவதைக் கூர்யோகின் ஒரே இரவில் நாட்டிற்கு உணர்த்தினார்.

சோவியத் யூனியன் மறைந்தபின், 1997ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் 'குல்தூரா' என்னும் அரசு அலைவரிசை கலைக்கென்றே தொடங்கிற்று. வணிக விளம்பரமின்றித் தொடங்கிய அது, ஒரு பெரிய நாட்டிற்குச் செய்த தொண்டு சிறிதன்று. புஷ்கின் காட்சியகத்தை 1961 முதல் 2013 வரை நடத்திய இரீனா அந்தோனவா அம்மையார் 'ஐந்தாம் பரிமாணம்' என்னும் தொடரிலும், ஹெர்மிடேஜ் காட்சியகத்தின் தலைவர் மிகாயில் பியத்ரோவ்ஸ்கி 'என் ஹெர்மிடேஜ்' என்னும் தொடரிலும் பேசினர். தம் காட்சியகத்தின் ஒவ்வொரு பொருளையும் அறிந்தவர் பேசும்போது, கேட்பவர்க்கு ஒரு நம்பிக்கை பிறக்கிறது. அந்திரோனிகவ் தொடங்கிய மரபின் தொடர்ச்சி இது.

ஆயினும் இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு ஓர் எல்லை உண்டு. காட்சியகத் தலைவர் பேசும்போது, காட்சியகம் ஏற்றுக்கொண்ட கலையே பெரும்பாலும் முன்னிற்கும். காலத்தால் முடிந்துபோன பெருமை பேசுவது எளிது. இன்னும் முடியாத முயற்சியைப் பேசுவது அரிது. இருந்தும் 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு முடியாத கதை ஊர் திரும்பிற்று. 1987இல் வெளிநாடு சென்ற கபகவ், தம் துணைவியார் எமீலியாவுடன் செய்த படைப்புகளைக் கொண்டு, மாஸ்கோவில் 'கராஷ்' என்னும் புதிய கலைக்கூடத்தின் முதல் கண்காட்சியை நடத்தினார். அக்கூடம் முன்பு பேருந்துக் கொட்டகை. 1920களில் மெல்னிகவ் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த அதன் கூரைக்குக் கட்டமைப்பு வகுத்தவர் யார்? ஷாபலோவ்கா கோபுரத்தை எழுப்பிய அதே ஷூகவ்! கபகவுக்கு நெடுங்காலம் இடம் தராத தொலைக்காட்சியின் முதற் கோபுரமும், அவருக்கு இடம் தந்த கூரையும் ஒரே மனிதரின் கணக்கில் பிறந்தவை.

இனி, வெளிநாட்டார் எடுத்த நிகழ்ச்சிகளைச் சிறிது நோக்குவோம். 2009ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் 'ருஷ்யாவின் கலை' என்னும் மூன்று பகுதித் தொடரை வெளியிட்டது. ஆண்ட்ரூ கிரஹாம்-டிக்ஸன் என்னும் கலை விமரிசகர் நேரிற் சென்று விளக்கினார். பழைய திருவுருவ ஓவியத்தில் தொடங்கி அண்மைக் காலம்வரை வரும் அத்தொடர் பயனுடையது. ஆனால், வெளியிலிருந்து நோக்குவோர்க்கு ஒரு பழக்கம் உண்டு. ருஷ்யக் கலைஞர் என்றாலே ஒடுக்குண்டவர், எதிர்த்தவர் என்னும் கதையையே அவர்கள் முதலில் தேடுகின்றனர். உள்நாட்டுத் திரை பெருமையைத் தேடுகிறது. வெளிநாட்டுத் திரை துன்பத்தைத் தேடுகிறது. கரடிக்கும் நரிக்கும் வண்ணம் தீட்டிக் கூலி பெற்ற கபகவின் நீண்ட பகற்பொழுதுகள் இவ்விரண்டு கதைகளிலும் எளிதில் அடங்குவதில்லை. கலையோ அந்தப் பொழுதுகளிலும்தான் விளைந்தது.

மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லவேண்டும். வேற்றுமொழிக் கலைஞர் பேசும்போது அவர் குரலைத் தாழ்த்தி, அதன்மேல் மொழிபெயர்ப்புக் குரலை ஏற்றுவது வழக்கம். மூலக் குரல் ஒரு வாக்கியமேனும் தனித்து ஒலித்த பின்னரே மற்றக் குரல் தொடங்கவேண்டும் என்பது நல்ல முறை. ஏனெனில், ஒருவர் தயங்கிய இடமும், சொல் கிடைக்காது நின்ற இடமும் மொழிபெயர்ப்பில் வருவதில்லை. நாம் செய்யும் தொழிலின் குறை அது. நீண்டகாலம் பேச்சற்றிருந்த ஒருவர் தயங்கித் தயங்கிப் பேசுவதைத் தெளிவான சரளமான குரலாக மாற்றிவிட்டால், செய்தி வந்துசேரும், மனிதர் வந்துசேரமாட்டார்.

படத்தைக் காட்டுவதிலும் இத்தகைய இடர் உண்டு. எழுபதுகளின் தொடக்கத்தில் புலாத்தவ் வரைந்த 'தொடுவானம்' என்னும் ஓவியத்தை எண்ணிப் பாருங்கள். மனிதர் சிலர் கடலை நோக்கி நடக்கின்றனர். கடலும் வானும் சேருமிடத்தில் ஒரு செந்நிறப் பட்டை குறுக்கே நின்று பார்வையை மறிக்கிறது. ஒளிப்பதிவுக் கருவி மனிதரின் அருகே சென்றால், பட்டை சட்டத்திற்கு வெளியே போய்விடும். அப்போது அது கடற்கரைக் காட்சி மட்டுமே. பின்வாங்கி, முழுப் படத்தையும் அசையாது சிறிது நேரம் காட்டினால்தான், வழி மறிபட்டுள்ளது என்பது பார்ப்பவர்க்குப் புலப்படும். ஓரிடத்தில் நில்லாத கருவி இதனைக் காட்டமாட்டாது.

நம் பேச்சு பழங்கதையோடு முடியவில்லை. 2010ஆம் ஆண்டில் மாஸ்கோவில் 'தோஷ்த்' என்னும் தனியார் தொலைக்காட்சி தொடங்கிற்று. 'மழை' என்பது அப்பெயரின் பொருள். 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் உக்ரைன் மீது ருஷ்யப் படையெடுப்பு நிகழ்ந்தது. மார்ச்சுத் திங்கள் தொடக்கத்திலேயே அந்நிலையம் தன் ஒளிபரப்பை நிறுத்த நேர்ந்தது. பின்னர் வெளிநாட்டிலிருந்து தொடர்ந்தது. 'கராஷ்' கலைக்கூடம் புதிய கண்காட்சிகளை நிறுத்திவைத்தது. அவ்வாண்டு வெனிஸ் நகரின் பெருங்கண்காட்சியில் ருஷ்யாவின் சார்பில் பங்கேற்கவிருந்த கலைஞர் இருவர் தாமே விலகிக்கொண்டனர்; ருஷ்ய மண்டபம் பூட்டிக் கிடந்தது. கலைஞர் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர்.

பீட்டர்ஸ்பர்க் நகரில் அலெக்சாந்திரா ஸ்கோச்சிலெங்கோ என்னும் பெண் ஓவியர் 2022ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் ஒரு பேரங்காடிக்குச் சென்றார். பண்டங்களின் விலைச்சீட்டு ஐந்தை எடுத்துவிட்டு, அவ்விடங்களில் போரைப் பற்றிய செய்தி எழுதிய சிறு சீட்டுகளை வைத்தார். அதற்காக 2023 நவம்பரில் அவருக்கு ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டு முதல் நாள் நாடுகளிடையே நடந்த கைதிப் பரிமாற்றத்தில் அவர் விடுதலை பெற்றார். கூடமும் திரையும் கிடைக்காத கலைஞர் இறுதியில் எங்கே எழுதுகிறார் பாருங்கள்! விலைச்சீட்டின் அளவே அவருக்குக் கிடைத்த சுவர்.

இவையெல்லாம் தொலைதூரத்துச் செய்தி என்று நாம் வாளாவிருத்தல் தகாது. நிக்கொலாய் ரோரிக் என்னும் ருஷ்ய ஓவியர் குலு பள்ளத்தாக்கின் நக்கர் என்னும் ஊரில் வாழ்ந்து 1947இல் அங்கேயே மறைந்தார். அவர் மைந்தர் ஸ்வெத்தஸ்லாவ், நடிகை தேவிகா ராணியை மணந்து பெங்களூரை அடுத்து வாழ்ந்தார். 1960ஆம் ஆண்டில் அவர் படங்கள் மாஸ்கோவில் காட்டப்பட்டபோது, இந்திய மலைகளின் நிறத்தை ருஷ்யர் கண்டனர். இரு நாட்டுக் கண்களும் ஒன்றையொன்று சந்தித்த வரலாறு நமக்கு உண்டு. மேலும், நம் தொலைக்காட்சியும் 1959இல் டெல்லியில் அரசின் கையிலேயே பிறந்தது. நம் காலத்து ஓவியர் எத்துணைப் பேரை நம் வீட்டுத் திரையில் நாம் கண்டிருக்கிறோம் என்று கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

ஆகவே, இன்றைய ருஷ்யக் கலையைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்று திரையில் வருமானால், நேயர்கள் மூன்று வினாக்களை மனத்திற் கொண்டு அதனைக் காணுமாறு வேண்டுகிறோம். பேசுபவர் கலைஞரா, அவருக்காகப் பேசும் வேறொருவரா? படம் முழுமையாக, போதிய நேரம் காட்டப்படுகிறதா? அதே நகரில், அதே ஆண்டில் வரைந்துகொண்டிருக்கும் எவர் இந்நிகழ்ச்சியில் வரவில்லை? முதல் இரண்டிற்கும் திரையிலேயே விடை கிடைக்கும். மூன்றாவதற்கு விடை திரைக்கு வெளியே இருக்கிறது. அதைத் தேடுவது பார்ப்பவரின் கடமை.

கபகவ் 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவில் காலமானார். 2017 முதல் லண்டனிலும் பீட்டர்ஸ்பர்கிலும் மாஸ்கோவிலும் நடந்த அவர்தம் பெருங்கண்காட்சிக்கு, 'எல்லோரும் எதிர்காலத்திற்கு அழைத்துச் செல்லப்படமாட்டார்கள்' என்று பொருள்படும் பெயர் சூட்டப்பெற்றிருந்தது. ஐம்பது வயதைக் கடந்தும் தன் நாட்டுத் திரையில் முகம் காட்ட இயலாதிருந்த ஒருவரின் வாயிலிருந்து வரும்போது, இச்சொல்லின் கனம் நமக்கு விளங்குகிறது. எவரை அழைத்துச் செல்வது, எவரை நிலையத்தில் விட்டுச் செல்வது என்பதைத் தீர்மானிப்பதில் தொலைக்காட்சிக்குப் பங்கு உண்டு. பார்க்கும் நமக்கும் அதிற் பங்கு உண்டு என்பதை மறவாதிருப்போமாக.